விண்டோஸ் செட்டிங்ஸ் திறக்கவில்லையா? தடை எங்கே என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

செட்டிங்ஸ் திறக்க மறுத்தால் பலரும் இணையத்தில் கண்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறார்கள். எதுவும் நடக்காவிட்டால் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகத் தேவையே இல்லை. தடை நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்: செட்டிங்ஸ் ஆப் கெட்டிருக்கும், உங்கள் கணக்குக்கு அட்மின் உரிமை இருக்காது, ஏதோ ஒரு பாலிசி (கணினியில் எதை அனுமதிப்பது என்று வைக்கும் கட்டுப்பாட்டு விதி) அதைப் பூட்டியிருக்கும், அல்லது உங்கள் யூசர் புரொஃபைல் (உங்கள் கணக்கின் கோப்புகளும் அமைப்புகளும் உள்ள தொகுப்பு) பழுதாகியிருக்கும். பாலிசி பூட்டியதை ஃபைல் ரிப்பேர் கட்டளை திறக்காது. பழுதான புரொஃபைலை பாலிசி திருத்தம் சரிசெய்யாது. ஆகவே முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், கட்டளையெல்லாம் அப்புறம்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். வித்தியாசம் வரும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறது. மெனுப் பெயர்களும் கட்டளைகளும் இங்கே ஒலிப்பில் உள்ளன. கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

1. கை வைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பழுது பார்க்கப் போய் டேட்டாவையே இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) ரிக்கவரி கீ. இது 48 இலக்க எண். நீங்களாக பிட்லாக்கரை ஆன் செய்யவில்லை என்றாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்கும் பல லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகியிருக்கும். சேஃப் மோடுக்கு (தேவையான பகுதிகளோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் நிலை) போகும்போதோ பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை நிரல்) ஏதாவது மாற்றும்போதோ திரை நீலமாகி இந்த எண்ணைக் கேட்கலாம். எண் இல்லை என்றால் டிஸ்க்கில் உள்ளதைப் படிக்க வேறு வழி கிடையாது. மைக்ரோசாஃப்ட்டாலும் எடுத்துத் தர முடியாது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்துக்குப் போய், டிவைஸ் பட்டியலில் கீயைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால் குழம்ப வேண்டாம். நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு பொருந்துவதுதான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட். பின் நம்பர் மட்டும் தெரிந்தால் போதாது. பின் என்பது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது, சேஃப் மோடில் வேலை செய்யாமலும் போகலாம். பாஸ்வேர்டை இப்போதே போனில் ஒருமுறை போட்டுச் சரிபாருங்கள்.

கணினி வாங்கிய பில், சீரியல் நம்பர் இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள். பயாஸ் பாஸ்வேர்ட் சிக்கல் வந்தால் இவை இல்லாமல் தயாரிப்பாளர் பேசவே மாட்டார். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். செட்டிங்ஸ் திறக்காவிட்டாலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வழக்கம்போல வேலை செய்யும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிய பிறகு தொடங்குங்கள்.

2. திரையில் வரும் செய்தியை முழுதாகப் படியுங்கள்

செய்தியை மூடிவிடாமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிக்குப் போக வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.

செய்தி எதுவும் இல்லை, கிளிக் செய்தால் ஒரு கணம் பல்சக்கரம் தெரிந்து மறைகிறது என்றால், ஆப் அல்லது சிஸ்டம் ஃபைல் பழுது. 3ஆம் படிக்குப் போங்கள்.

பாஸ்வேர்ட் கேட்கிறது, அல்லது 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்கிறது என்றால் உரிமைச் சிக்கல். 4ஆம் படி.

இந்தக் கணினியில் உள்ள கட்டுப்பாடுகள் காரணமாகச் செயல் ரத்து செய்யப்பட்டது, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும் என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி வந்தால் அது பாலிசிப் பூட்டு. 5ஆம் படி.

செட்டிங்ஸ் திறக்கிறது, ஆனால் சில சுவிட்சுகள் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன, மேலே 'சில செட்டிங்ஸை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி இருக்கிறது என்றால் 6ஆம் படி.

செய்தியோடு ஒரு தொலைபேசி எண்ணும் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. அழைக்காதீர்கள், யாருக்கும் ரிமோட் அனுமதி கொடுக்காதீர்கள். பிரவுசரை டாஸ்க் மேனேஜர் வழியாக மூடினால் போதும்.

3. திறக்கவே இல்லை, அல்லது திறந்த உடனே மூடிக்கொள்கிறது

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் விண்டோஸின் மையப் பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, பழைய நிலையிலேயே திரும்ப எழும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பவர் பொத்தானில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' என்று காட்டினால் அதையே கொடுங்கள். அரைகுறையாக நிற்கும் அப்டேட் செட்டிங்ஸை முடக்குவது அடிக்கடி நடப்பதுதான்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அதே நிலை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பட்டியலில் 'செட்டிங்ஸ்' இருக்கும். பின்னணியில் உறைந்து கிடக்கும் அந்தப் பழைய ஜன்னல்தான் புதியதைத் திறக்க விடாமல் தடுக்கிறது. அதை 'எண்ட் டாஸ்க்' செய்யுங்கள். பிறகு 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். டாஸ்க்பார் ஒருமுறை மறைந்து திரும்ப வரும், பயப்பட வேண்டாம்.

இப்போது வேறு வாசல்கள் வழியாக முயலுங்கள். விண்டோஸ் கீயோடு ஐ. விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி வரும் மெனுவில் 'செட்டிங்ஸ்'. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி வரும் ரன் பெட்டியில் 'எம்எஸ்-செட்டிங்ஸ்:'. கடைசியில் உள்ள முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் வேலை செய்யாது. அந்த முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் 'விண்டோஸ்அப்டேட்' என்று சேர்த்தால் நேராக அப்டேட் பக்கத்துக்கே போகலாம். முகப்புப் பக்கம் மட்டும் கெட்டிருந்தால் உள்பக்கங்கள் இப்படித் திறந்துகொள்ளும்.

அவசர வேலை நிற்கிறது என்றால் செட்டிங்ஸ் சரியாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ரன் பெட்டியில் 'கண்ட்ரோல்' என்று கொடுத்தால் பழைய கண்ட்ரோல் பேனல் வரும். நெட்வொர்க் அடாப்டருக்கு 'என்சிபிஏ.சிபிஎல்', ஆப் நீக்க 'ஆப்விஸ்.சிபிஎல்', யூசர் கணக்குகளுக்கு 'நெட்பிஎல்விஸ்'. 'விஸ்' என்று வரும் இந்த இரண்டிலும் அந்தப் பகுதியின் கடைசி எழுத்து இசட்.

செட்டிங்ஸ் ஆப்பையே ரீசெட் செய்வது அடுத்தது. ஸ்டார்ட் மெனுவில் 'செட்டிங்ஸ்' மேல் ரைட் கிளிக், 'ஆப் செட்டிங்ஸ்', அதில் முதலில் 'ரிப்பேர்', பலிக்காவிட்டால் 'ரீசெட்'. இதில் ஒரு சிக்கல் உண்டு: இந்தப் பக்கமே செட்டிங்ஸுக்குள்தான் திறக்கும். செட்டிங்ஸ் ஒரு நொடிகூட நிற்காவிட்டால் இந்த வழி பயன்படாது. நேரமாக்காமல் கீழே உள்ள ஃபைல் சரிபார்ப்புக்குப் போங்கள்.

சிஸ்டம் ஃபைல் சரிபார்ப்பை அட்மின் டெர்மினலில்தான் (அட்மின் உரிமையோடு கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஓட்ட வேண்டும். ஸ்டார்ட் மேல் ரைட் கிளிக் செய்து 'டெர்மினல் அட்மின்'. விண்டோஸ் 10 என்றால் 'பவர்ஷெல் அட்மின்'. அதுவும் வராவிட்டால் டாஸ்க் மேனேஜரில் 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து, 'சிஎம்டி' என்று அடித்து, அட்மின் உரிமையோடு ஓட்டும் கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

முதலில் 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்'. அது முடிந்த பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. வரிசை முக்கியம். எஸ்எஃப்சி பழுதான ஃபைலை மாற்றுவதற்கு நல்ல நகலை விண்டோஸின் உள்கிடங்கிலிருந்து எடுக்கிறது. அந்தக் கிடங்கைச் சரிசெய்வது டிஐஎஸ்எம். கிடங்கே கெட்டிருந்தால் எஸ்எஃப்சியை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை. ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் இடைவெளி வேண்டும், பின்னால் கூடாது. கட்டளை ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம்.

டிஐஎஸ்எம்முக்கு இணையம் தேவை. 20 சதவீதத்திலோ 62.3 சதவீதத்திலோ நீண்ட நேரம் நகராமல் நிற்கும். தொங்கிவிட்டது என்று ஜன்னலை மூடிவிடாதீர்கள். இரண்டு கட்டளைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் கூட. 'பழுதைக் கண்டேன், சரிசெய்தேன்' என்று எஸ்எஃப்சி சொன்னால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். 'சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை' என்றால் ரீஸ்டார்ட் செய்து எஸ்எஃப்சியை இன்னொரு முறை ஓட்டுங்கள். 'ரிப்பேர் பெண்டிங்' என்று வந்தால் பழைய அப்டேட் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள். ரீஸ்டார்ட் செய்த பிறகே கட்டளை ஓடும். 'எந்தப் பழுதும் இல்லை' என்று வந்துவிட்டால் இந்தக் கட்டளைகளை அதோடு விடுங்கள். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 7ஆம் படிக்குப் போய்ப் புதுக் கணக்கில் சோதியுங்கள்.

4. அட்மின் உரிமை இல்லை என்கிறது

முதலில் உங்கள் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். கண்ட்ரோல் பேனலில் 'யூசர் அக்கவுண்ட்ஸ்' திறந்தால் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அல்லது 'ஸ்டாண்டர்ட்' என்று இருக்கும்.

'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தும் 'ஆக்சஸ் இஸ் டினைட்' வந்தால் குழம்ப வேண்டாம். அட்மின் கணக்கில் நுழைந்தாலும் விண்டோஸ் எல்லா நிரலையும் சாதாரண உரிமையில்தான் ஓட்டும். நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகே முழு உரிமை. அந்த நிரல் மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள்.

'ஸ்டாண்டர்ட்' என்று இருந்தால், அதே கணினியில் அட்மினாக உள்ளவர் நுழைந்து, 'நெட்பிஎல்விஸ்' திறந்து, உங்கள் பெயரைத் தேர்ந்து, 'பிராப்பர்ட்டீஸ்', 'குரூப் மெம்பர்ஷிப்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று மாற்ற வேண்டும். வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் மாற்றம் வேலைக்கு வரும். குடும்பக் கணினியில் பிள்ளையின் கணக்கு என்றால் வேண்டுமென்றே ஸ்டாண்டர்டாக வைத்திருப்பார்கள். அதை அப்படியே விடுவதுதான் சரி.

இதில் மாட்டிக்கொண்டால் மிகவும் தவிக்கவைக்கும் நிலை ஒன்று உண்டு. அனுமதி கேட்கும் பெட்டி வருகிறது, பாஸ்வேர்ட் போடக் கட்டமே இல்லை, 'யெஸ்' பொத்தான் மங்கிக் கிடக்கிறது, 'நோ' மட்டும் அழுந்துகிறது. கணினியில் இயங்கும் நிலையில் ஓர் அட்மின் கணக்குகூட இல்லை என்பதுதான் இதன் பொருள். ஒரே அட்மின் கணக்கைத் தவறுதலாக ஸ்டாண்டர்டாக மாற்றினாலோ முடக்கினாலோ இப்படி ஆகும்.

வெளியே வரும் வழி: ஸ்டார்ட் மெனுவில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கிளிக் செய்யுங்கள். நீலத் திரையில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்'. பிறகு வரும் பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். இடையில் பிட்லாக்கர் கீ கேட்கலாம். 1ஆம் படியில் எழுதி வைத்தது இங்கே உதவும். விண்டோஸுக்குள் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரிலேயே ஒரு கணக்கு முடக்கப்பட்ட நிலையில் உண்டு. வேறு எந்த அட்மின் கணக்கும் இயங்கவில்லை என்றால் சேஃப் மோடில் அது தானாகத் திறந்துகொள்ளும். யாரும் பாஸ்வேர்ட் போட்டு வைத்திருக்காவிட்டால் வெறுமனே என்டர் அழுத்தி நுழையலாம். உள்ளே 'நெட்பிஎல்விஸ்' வழியாக உங்கள் கணக்கை அட்மின் ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அந்த உள்கணக்கையே அன்றாடம் பயன்படுத்தத் தொடங்காதீர்கள். அதில் ஓடும் எல்லாமே கேள்வியின்றி முழு உரிமையோடு ஓடும். தவிர, விண்டோஸ் 10இல் 'பில்ட்-இன் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இந்த ஆப் திறக்காது' என்று செட்டிங்ஸே மறுக்கக்கூடும். இந்தச் செய்தி வந்திருந்தால் வேறு பழுது எதையும் தேடாதீர்கள்; வேறொரு அட்மின் கணக்கு உருவாக்கி அதில் நுழையுங்கள்.

5. கட்டுப்பாடு என்று சொல்லி ரத்தாகிறது

கணினி நிறுவனத்துடையது என்றால் இந்தப் படி உங்களுக்கு இல்லை. ஐடி பிரிவுக்கு எழுதுங்கள்: செய்தியின் படம், கணினிப் பெயர், சீரியல் நம்பர், எந்தப் பக்கத்தில் எத்தனை மணிக்கு வந்தது. இந்த நான்கும் இருந்தால் ஒரே கடிதத்தில் வேலை முடியும்.

சொந்தக் கணினி, புரோ அல்லது அதற்கு மேலான பதிப்பு என்றால் ரன் பெட்டியில் 'ஜிபிஎடிட்.எம்எஸ்சி'. 'யூசர் கான்ஃபிகரேஷன்', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்', 'கண்ட்ரோல் பேனல்' என்று போங்கள். அங்கே 'புரொஹிபிட் ஆக்சஸ் டு கண்ட்ரோல் பேனல் அண்ட் பிசி செட்டிங்ஸ்' என்ற வரி 'எனேபிள்ட்' என்று இருந்தால் பூட்டு அதுதான். 'நாட் கான்ஃபிகர்ட்' என்று மாற்றுங்கள். சில பக்கங்கள் மட்டும் காணாமல் போயிருந்தால் அதே இடத்தில் 'செட்டிங்ஸ் பேஜ் விசிபிலிட்டி' வரியைப் பாருங்கள்; அது 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்' பக்கத்திலும் உண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும். வெளியேறி மறுபடி நுழைந்து சோதியுங்கள்.

ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது. இதற்காகக் காசு கொடுத்து புரோவுக்கு மாற வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஒரு மதிப்பை நீக்குவதும் அதே வேலையைச் செய்யும். 'ரெக்எடிட்' திறந்து எச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்குங்கள். தொடும் முன் 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்' கொடுத்து அந்தக் கிளையை நகல் எடுத்துவிடுங்கள். வலப் பக்கம் 'நோகண்ட்ரோல்பேனல்' என்ற மதிப்பு 1 என்று இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். 'செட்டிங்ஸ்பேஜ்விசிபிலிட்டி' இருந்தால் அதையும். பாலிசீஸ் ஃபோல்டரையே மொத்தமாக அழிக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். தேவையான பாதுகாப்பு அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. எச்கீ லோக்கல் மெஷின் கிளையிலும் இதே வழியில் இறங்கிப் பாருங்கள்.

ஒருவேளை ரெக்எடிட், டாஸ்க் மேனேஜர் இரண்டும்கூட 'அட்மினிஸ்ட்ரேட்டரால் முடக்கப்பட்டது' என்கிறதா? சொந்தக் கணினியில் இது மால்வேரின் (தீங்கு செய்யும் நிரல்) அறிகுறியாக இருக்கலாம். நீக்கிய மதிப்பு கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிட்டாலும் சந்தேகப்படுங்கள். ஏதோ ஒன்று அதை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறது. நிறுவன டொமைனில் (நிறுவனத்தின் சர்வர் நிர்வகிக்கும் வலையமைப்பு) உள்ள கணினியில் பாலிசி சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படும், அது இயல்பு. டொமைனிலோ நிறுவன நிர்வாகத்திலோ இல்லாத கணினியில் இப்படி நடப்பது இயல்பல்ல. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். இது செட்டிங்ஸிலிருந்து தனியான ஆப். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்', 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்'. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே ஸ்கேன் ஓடும். சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்த வேலைகளை முன்னதாகச் சேமித்துவிடுங்கள். முதலில் மால்வேர், பிறகு ரெஜிஸ்ட்ரி. மாற்றிச் செய்தால் பூட்டு திரும்ப வரும்.

6. 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி

வீட்டுக் கணினியில் இந்த வரியைப் பார்த்து யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சல். சொந்தக் கணினியில் அந்த மின்னஞ்சலால் ஏதாவது ஆப்பில் நுழையும்போது 'இந்தச் சாதனத்தை நிர்வகிக்க என் நிறுவனத்தை அனுமதி' என்று ஒரு கட்டம் வரும், டிக் செய்யப்பட்ட நிலையிலேயே வரலாம். கவனிக்காமல் 'ஓகே' அழுத்தினால் கணினி அவர்கள் நிர்வாகத்துக்குள் போய்விடலாம். டிக்கை எடுத்துவிட்டு, 'இந்த ஆப்பில் மட்டும் நுழை' என்பதைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால்: செட்டிங்ஸ், 'அக்கவுண்ட்ஸ்', 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்', அங்கே உள்ள கணக்கு, 'டிஸ்கனெக்ட்'. அந்தக் கணக்கோடு வந்த மின்னஞ்சல், விபிஎன், வைஃபை அமைப்புகள் இதோடு போய்விடும். கணினிக்குள் நுழைவதே அந்தக் கணக்கால்தான் என்றால், துண்டிக்கும் முன் கட்டாயம் ஒரு லோக்கல் (அந்தக் கணினியில் மட்டும் உள்ள) அட்மின் கணக்கு உருவாக்கி, அதில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, விண்டோஸை 'வேகமாக்குகிறேன்', 'உளவு பார்ப்பதை நிறுத்துகிறேன்' என்று சொல்லும் மூன்றாம் தரப்பு நிரல்கள். இவை பாலிசி மதிப்புகளை எழுதித்தான் வேலை செய்கின்றன. விண்டோஸுக்கு அந்தப் பாலிசியை எழுதியது நிறுவனமா நிரலா என்று தெரியாது. பாலிசி இருந்தால் இந்த வரியைக் காட்டும். அந்த நிரலிலேயே 'அன்டூ' அல்லது 'ரீஸ்டோர் டீஃபால்ட்' இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நிரலை அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் அது எழுதிய மதிப்புகள் போகாது.

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இந்த வரி வந்தால் 'கான்ஃபிகர்ட் அப்டேட் பாலிசீஸ்' என்ற இணைப்பைத் தேடுங்கள். விண்டோஸ் 11இல் அது 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும். எந்தெந்தப் பாலிசி போடப்பட்டிருக்கிறது, அது எந்த வகை என்று அங்கே பட்டியலாகவே தெரியும்.

பழைய கணினி வாங்குபவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. சில கணினிகள் முந்தைய நிறுவனத்தின் பெயரில் மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவாகியிருக்கும். ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும் அந்த நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்கும். விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் இது போகாது. பதிவை நீக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். பணம் கொடுக்கும் முன், ரீசெட் செய்த கணினியை இணையத்தோடு இணைத்து டெஸ்க்டாப் வரை போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

7. யூசர் புரொஃபைல் பழுது

சிஸ்டம் ஃபைல் சரி, பாலிசி இல்லை, அட்மின் உரிமையும் உண்டு. ஆனாலும் திறக்கவில்லை என்றால் புதுக் கணக்கில் சோதியுங்கள். 'நெட்பிஎல்விஸ்' திறந்து 'ஆட்', 'மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல்', 'லோக்கல் அக்கவுண்ட்'. பெயரைச் சிறியதாக, ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். அதுவே ஃபோல்டர் பெயராகிவிடும். அட்மின் உரிமையும் கொடுத்து, அதில் நுழைந்து செட்டிங்ஸைத் திறங்கள்.

அங்கே திறந்தால் பழைய புரொஃபைல்தான் கெட்டிருக்கிறது. அதைப் பழுது பார்ப்பதைவிடப் புதிய கணக்குக்கே குடிபெயர்வது விரைவு. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை நகல் எடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். 'ஆப்டேட்டா' ஃபோல்டரை மொத்தமாகக் கொண்டுவந்தால் பழுதையும் சேர்த்துக் கொண்டுவருவீர்கள். பிரவுசர் பாஸ்வேர்டுகளை பழைய கணக்கில் இருக்கும்போதே சிங்க் செய்துவிடுங்கள். டெஸ்க்டாப் ஒன்டிரைவுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பழைய கணக்கை இரண்டு வாரமாவது அழிக்காமல் வையுங்கள்.

8. பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு

பின் மறந்தால் லாகின் திரையில் 'ஐ ஃபர்காட் மை பின்', இணையம் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பாஸ்வேர்டை போனிலிருந்தே மாற்றலாம், பழைய கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ கையில் இருந்தால் சில நிமிட வேலை. இரண்டும் இல்லாமல் பாதுகாப்புத் தகவல் அனைத்தையும் மாற்றினால் 30 நாள் காத்திருப்பு; அதைக் குறைக்க வழியில்லை. ஆகவே எண் மாறும்போதே கணக்கிலும் மாற்றிவிடுங்கள்.

லோக்கல் கணக்கு என்றால், உருவாக்கும்போது கொடுத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகள். அதுவும் நினைவில்லை என்றால் இன்னொரு அட்மின் 'நெட்பிஎல்விஸ்' வழியாகப் புதுப் பாஸ்வேர்ட் வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் அந்தக் கணக்கில் என்கிரிப்ட் செய்த கோப்புகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடும்.

9. பயாஸுக்குள் போக முடியவில்லை

ஆன் செய்யும்போது எஃப்2, டெலீட், எஃப்10, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்கு ஏற்ப கீ மாறும். எதை அழுத்தினாலும் நேராக விண்டோஸ் வந்தால் ஷிஃப்ட்டோடு ரீஸ்டார்ட், 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. உள்ளே எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால், விண்டோஸில் இருக்கும்போதே பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள்.

பயாஸ் பாஸ்வேர்ட் மறந்தால், பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் மின்இணைப்பை நீக்கிவிட்டு கிளியர் சிமாஸ் ஜம்பரை (பயாஸ் அமைப்புகளை அழிக்க மதர்போர்டில் உள்ள சிறு இணைப்பான்) கையேட்டில் சொன்னபடி பயன்படுத்தினால் போகும். இப்போதைய லேப்டாப்களில் பேட்டரியைக் கழற்றுவதால் போகாது; பாஸ்வேர்ட் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. பில், சீரியல் நம்பரோடு தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போவதுதான் வழி. சில மாடல்களில் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள், வாரன்டியில் இது அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

10. எதுவும் பலிக்கவில்லை என்றால்

இதிலும் ஒரு வரிசை உண்டு. ரன் பெட்டியில் 'ஆர்எஸ்டிஆர்யூஐ' கொடுத்தால் சிஸ்டம் ரீஸ்டோர். சிக்கல் தொடங்கிய நாளுக்கு முந்தைய ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கோப்புகளைத் தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட நிரல்கள் போகும். ஓடத் தொடங்கிய பிறகு பவர் பொத்தானைத் தொடவே கூடாது.

ரீஸ்டோர் பாயிண்ட் எதுவும் இல்லை என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதே பதிப்பு, அதே மொழி ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவுவதற்கான கோப்பு) இறக்கி, விண்டோஸுக்குள் இருந்தபடியே டபுள் கிளிக் செய்து 'செட்அப்' ஓட்டுங்கள். கோப்பு, ஆப், லைசென்ஸ் மூன்றும் அப்படியே இருக்க, சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் புதிதாகும். செட்டிங்ஸ் பழுதுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்றே சொல்வேன். டிஸ்க்கில் 20 ஜிபியாவது காலி இடம் வையுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 'கோப்புகளையும் ஆப்களையும் வைத்திரு' என்ற தேர்வு மங்கியிருந்தால் உடனே ரத்து செய்யுங்கள். பதிப்போ மொழியோ பொருந்தவில்லை. தொடர்ந்தால் நிரல்கள் எல்லாம் போய்விடும்.

கடைசியாகத்தான் 'ரீசெட் திஸ் பிசி'. செட்டிங்ஸ் திறக்காவிட்டாலும் ஷிஃப்ட் ரீஸ்டார்ட் வழியாக 'டிரபிள்ஷூட்' பக்கத்தில் இது கிடைக்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் கோப்புகள் மிஞ்சும், நிறுவிய நிரல்கள் மிஞ்சாது. 'கிளவுட் டவுன்லோட்' 4 ஜிபிக்கு மேல் டேட்டா எடுக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' கொடுங்கள். சிஸ்டம் ஃபைல் பழுது என்று 3ஆம் படியில் தெரிந்திருந்தால் மட்டும் கிளவுட்டையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் லோக்கல் வழி அதே பழுதான ஃபைல்களிலிருந்துதான் மறுபடி கட்டும். அதே கணினியில் செய்யும்வரை லைசென்ஸ் தானாகத் திரும்ப ஆக்டிவேட் ஆகும், புதிதாக வாங்கச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

எந்த வழியில் சரியானாலும், அதே நாளில் இரண்டாவதாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை பிட்லாக்கர் கீ எழுதிய அதே தாளில் எழுதி, கணினியோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள்.